குளிர்காலத்தில் நடைபழகும் குழந்தை: ஓடியாட வைப்பதும் நோய் அண்டாமல் காப்பதும்

குளிர் தொடங்கியதுமே கதவு, ஜன்னல்களைச் சாத்தி, குழந்தையைக் கம்பளிக்குள் பொதிந்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது பல வீடுகளில் நடப்பதுதான். சளி பிடித்துவிடுமே என்ற பயம். ஆனால் சளியைக் கொண்டுவருவது வைரஸ். ரைனோ வைரஸ், ஆர்எஸ்வி, இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) என்று அதில் பல வகை. குளிர்காலத்தில் இவை வேகமாகப் பரவுவதற்கு முக்கியக் காரணம், அடைத்த அறைக்குள் எல்லோரும் ஒரே காற்றை மணிக்கணக்கில் சுவாசிப்பது. காற்று வறண்டிருந்தால் ஃப்ளூ வைரஸ் கூடுதல் நேரம் உயிர்ப்போடு இருக்கும். குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது: மூக்கின் உட்புறம் குளிர்ந்தால் ரைனோ வைரஸ் எளிதாகப் பெருகும். ஆனாலும் வைரஸ் வந்து சேராத மூக்கில் வெறும் குளிர் சளியை உண்டாக்காது.

ஆகவே அடைத்த அறையில் கழியும் நேரத்தைக் குறைத்து, உடலை உலர்வாக வைத்து, திறந்த வெளியில் விளையாட விடுவதே சரி. கீழே வருபவை ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை.

எல்லாச் சளியையும் தடுத்துவிட முடியாது என்பதையும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பகுதி குளிர் மாதங்களில்தான் வரும். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் இருக்கும், இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதற்காகக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று கலங்க வேண்டாம்.

எவ்வளவு ஆட்டம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும். மூன்று வயதானதும் அந்த 180 நிமிடத்தில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு வேகமான ஆட்டமாக இருக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். அறைக்கு அறை நடப்பது, படி ஏறுவது, பொம்மையைத் தூக்கிக்கொண்டு அலைவது எல்லாம் கணக்கில் சேரும். இந்த வயதுக் குழந்தை ஒரு விளையாட்டில் 10, 15 நிமிடத்துக்கு மேல் நிற்காது. எனவே நாளை நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலை எழுந்து சாப்பிட்ட பின் வீட்டுக்குள் 30 நிமிடம், வெயில் ஏறியதும் வெளியே 45 முதல் 60 நிமிடம், பகல் தூக்கத்துக்குப் பிறகு மறுபடி வெளியே அரை மணி, இருட்டிய பின் வீட்டுக்குள் 45 நிமிடம். மிச்சம் தானாகவே நிரம்பிவிடும். சிக்கல் வருவது பெரும்பாலும் கடைசித் துண்டில்தான். சீக்கிரம் இருட்டுவதால் மாலை நீண்டுபோகும், பெரியவர்கள் களைத்திருப்பார்கள், கை திரையைத் தேடும். அந்த நேரத்துக்கான ஆட்டத்தைக் காலையிலேயே முடிவு செய்து, வேண்டிய சாமான்களை ஒரு கூடையில் போட்டு வைத்துவிட்டால் பாதிப் பாடு தீரும்.

உடை

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. அதுவும் குறைவாக உடுத்துவதால் அல்ல, அதிகமாக உடுத்துவதால். கனமாகப் போர்த்திய குழந்தை ஐந்து நிமிடம் ஓடினால் வியர்க்கும். அந்த ஈரம் உள்ளாடையில் தங்கி, ஓட்டம் நின்றதும் உடல் சூட்டை உறிஞ்சும். அப்போதுதான் குழந்தை நடுங்குகிறது.

ஒரே ஒரு தடித்த உடையை விட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியே கடத்தும் துணியாக இருக்கட்டும்: மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் கலந்த உள்ளாடை. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதமான குளிருக்குப் பரவாயில்லை, கடுங்குளிருக்கு ஆகாது. நடு அடுக்கு சூட்டைத் தக்கவைக்கும் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் (புசுபுசுப்பான செயற்கை இழைத் துணி) உடை. மேல் அடுக்கு காற்றையும் நீரையும் தடுக்கும் ஜாக்கெட். மழையோ பனியோ காற்றோ இல்லாத நாளில் மேல் அடுக்கே தேவைப்படாது.

எத்தனை அடுக்கு? நீங்கள் சும்மா நிற்கும்போது உங்களுக்குத் தேவைப்படுவதை விட ஒன்று கூடுதலாக. குழந்தை ஓடப்போகிறது என்றால் அந்தக் கூடுதல் அடுக்கைப் பையில் வைத்துக்கொண்டு, ஓட்டம் நின்ற பிறகு போடுங்கள். தள்ளுவண்டியில் உட்கார்ந்தே வருகிற குழந்தைக்கு அந்த அடுக்கோடு காலுக்கு ஒரு போர்வையும் வேண்டும், ஏனென்றால் தள்ளுகிற உங்களுக்குச் சூடு ஏறும், உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏறாது.

சரியாக உடுத்தியிருக்கிறோமா என்று பார்க்கக் கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழந்தையின் விரல்கள் எப்போதுமே சற்றுச் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தில், சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாகவும் உலர்வாகவும் இருந்தால் சரி. பிசுபிசுப்பாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் ஒன்றைச் சேருங்கள் அல்லது உள்ளே போங்கள். வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை, பிறகு கால் மணிக்கு ஒரு முறை இப்படிப் பார்ப்பது போதும்.

காதை மூடும் குல்லா வேண்டும். விரல் பிரிந்த கையுறையை விட, விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை அதிகச் சூடு தரும், மாட்டுவதும் சுலபம். ஜாக்கெட்டைப் போடும் முன்பே கையுறையை மாட்டி, அதன் மேல் ஜாக்கெட் கையை இழுத்துவிட்டால் குழந்தையால் லேசில் கழற்ற முடியாது. நீண்ட மப்ளரும், தொங்கும் கயிறு வைத்த ஜாக்கெட்டும் வேண்டாம். சறுக்குமரத்திலும் ஊஞ்சலிலும் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். தலை வழியே மாட்டும் கழுத்துக் குழாய்த் துணி பாதுகாப்பானது. ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் குளிரும். விரல்கள் அசைய இடம் இருக்கும் ஷூவில் ஒரே ஒரு நல்ல சாக்ஸ் போதும்.

கிளம்பும் வரிசையும் முக்கியம். டயப்பரை மாற்றுங்கள், நீங்கள் முழுக்கத் தயாராகுங்கள், கடைசியாகக் குழந்தைக்கு மேல் உடுப்பைப் போட்டு உடனே கதவைத் திறங்கள். முதலில் குழந்தையை உடுத்திவிட்டுச் சாவி தேடினால், வாசலைத் தாண்டும் முன்பே அது வியர்த்திருக்கும்.

காரில் போகிறீர்கள் என்றால் புசுபுசு ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் பூட்டாதீர்கள். மோதலின்போது ஜாக்கெட்டின் காற்று அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு பட்டையைப் பூட்டுங்கள். தோள்பட்டை அருகே பட்டையைக் கிள்ளினால் மடிப்பு விழக் கூடாது. அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

வெளியே

குளிர் நாளில் சிறந்த நேரம் காலை 10 மணிக்கு மேல், பிற்பகல் 3 மணிக்குள். வெயிலும் இருக்கும், தரையும் ஓரளவு காய்ந்திருக்கும். அதிகாலை மூடுபனியில் கூட்டிப்போகாததற்குக் குளிரை விடப் பெரிய காரணம் புகை. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று அசையாமல் தேங்கி, வண்டிப் புகையையும் அடுப்புப் புகையையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுத் தரம் மோசம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் ஓட்டத்தை வீட்டுக்குள் மாற்றிவிடுங்கள். வேகமாக ஓடும் குழந்தை அதிகக் காற்றை இழுக்கும், அதோடு புகையையும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்றால் குழந்தை விரும்பும் வரை. 0 முதல் 10 வரை, அரை மணி முதல் முக்கால் மணி. பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 நிமிடம் ஆடிவிட்டு உள்ளே வந்து சூடேறி, மறுபடி போகலாம். வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றின் வேகத்தையும் சேர்த்து ‘உணரப்படும் வெப்பம்’ என்று வானிலைச் செயலிகள் காட்டும் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 27-க்குக் கீழே போனால் எந்த வயதுப் பிள்ளையையும் வெளியே விளையாட விட வேண்டாம் என்கிறது கனடா குழந்தை மருத்துவச் சங்கம். நடைபழகும் குழந்தைக்கு அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. குளிர் காற்றில் மூச்சு இழுப்பு வரும் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

நின்ற இடத்தில் நிற்கிற விளையாட்டு குளிருக்கு உதவாது. மணலைக் கிளறிக்கொண்டு குந்தியிருக்கும் குழந்தை ஓடும் குழந்தையை விடச் சீக்கிரம் விறைத்துவிடும். கையில் ஒரு சின்ன வாளியைக் கொடுத்து, பத்தடி தூரத்தில் இன்னொரு வாளியை வைத்து, இலையையோ கூழாங்கல்லையோ (வாய்க்குள் போகாத பெரிய கல்) ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். சரிவில் ஏறி இறங்குவது, காலியான வண்டியைத் தள்ளுவது, கோட்டின் மேல் நடப்பது, உங்கள் நிழலை மிதிக்கத் துரத்துவது எல்லாம் சூடேற்றும் ஆட்டங்கள். ஊஞ்சலைக் கடைசியில் வையுங்கள், அதில் குழந்தை அசையாமல் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும்.

பனி பெய்யும் இடம் என்றால் இன்னும் சில. தரையில் கிடக்கும் பனியைத் தின்ன விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே இரும்புக் கம்பியில் ஈரமான நாக்கோ உதடோ ஒட்டிக்கொள்ளும். வெண்பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கன்னத்திலும் மூக்கிலும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். விரல், காது, மூக்கு நுனி வெளிறி, கெட்டியாகி, தொடு உணர்வு குறைந்திருந்தால் உடனே உள்ளே கொண்டுபோய், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரை அழையுங்கள். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. இரண்டுமே திசுவைச் சேதப்படுத்தும்.

வீட்டுக்குள்

சோபாவில் குதித்து, நாற்காலியில் ஏறி அடம்பிடிக்கும் குழந்தைக்கு வேண்டியது ஏறவும் தள்ளவும் இடம். அதற்குத் தனி அறை தேவையில்லை, இரண்டு மீட்டர் வெற்றுத் தரை கிடைத்தாலே போதும்.

நான்கைந்து தலையணைகளை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகப் போடுங்கள். முதலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு தானாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்துப் போகட்டும். தரையில் ஒட்டிய கலர் டேப் மலிவான, நாள்பட உழைக்கும் சாமான். ஒன்றரை வயதுக்கு இரண்டு கோடுகளை 20 செ.மீ. இடைவெளியில் ஒட்டி, நடுவே நடக்க விடுங்கள். இரண்டு வயதில் அதை 10 செ.மீ. ஆக்குங்கள். இரண்டரைக்கு மேல் ஒற்றைக் கோடு போதும். பெரிய அட்டைப் பெட்டியின் இரு பக்கத்தையும் திறந்துவிட்டால் தவழ்ந்து போகும் குகை. சுருட்டிய சாக்ஸ்களைக் கூடையில் எறிவதற்கு அரை மீட்டர் தூரத்தில் தொடங்கி, விழ விழத் தள்ளி வையுங்கள். பலூன் வேண்டாம். வெடித்த பலூன் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம். அந்த இடத்தில் மெல்லிய துணிப் பந்து போதும்.

எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தருவது பளுவான வேலை. துணிக்கூடையில் இரண்டு, மூன்று கிலோ துணியைப் போட்டு அறைக்கு அறை தள்ளச் சொல்வது, போர்வையில் பொம்மையை வைத்து இழுப்பது, மெத்தையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவது. கையும் காலும் முதுகும் சேர்ந்து உழைப்பதால் கால் மணி நேரத்தில் குழந்தை அடங்கிவிடும். பகல் தூக்கத்துக்கு ஒரு மணி முன்பு இதைச் செய்தால் தூக்கமும் நன்றாக வரும். இரவுத் தூக்கத்துக்கு முன் முக்கால் மணி நேரம் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, அடுக்குவது, புரட்டுவது போன்ற அமைதியான விளையாட்டுக்கு மாறுங்கள்.

ஆட்டம் சலித்துப்போகப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, எல்லாச் சாமானையும் ஒரே நேரத்தில் பரப்புவது. ஒரு வேளைக்கு இரண்டு ஆட்டம் போதும், மற்றவை கண்ணில் படாமல் இருக்கட்டும், மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இன்னொன்று, பெரியவர் உட்கார்ந்து கொண்டு குழந்தையை மட்டும் ஆடச் சொல்வது. முதல் ஐந்து நிமிடம் நீங்களும் தவழுங்கள், குதியுங்கள். அதன் பிறகு அது தானே தொடரும். பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள், அது ஆட்டத்தைத் துண்டு துண்டாக்கும்.

வழுக்கும் தரையில் வெறும் சாக்ஸோடு ஓட விடாதீர்கள். வெறுங்கால் அல்லது அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ்தான் சரி. அலமாரி, இழுப்பறைப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஏறும் நேரம் கூடுவதால் கவிழும் ஆபத்தும் கூடும். ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம் எதுவும் இருக்கக் கூடாது, குழந்தையும்தான்.

அறைக் காற்று

ஒரு நாளில் மூன்று, நான்கு முறை எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். குழந்தை அப்போது வேறு அறையில் இருக்கலாம். சுவரும் சாமான்களும் சூட்டை வைத்திருக்கும், சாத்தியதும் அறை மறுபடி கதகதப்பாகிவிடும். நாள் முழுக்க ஜன்னலைச் சிறு கீற்றாகத் திறந்து வைப்பதை விட இது காற்றை நன்றாக மாற்றும். விருந்தினர் வந்து போனதும் ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் மூக்கின் உட்புறம் வறளாது. சிறு ஈரப்பதமானி ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காற்று வறண்டிருந்தால் குளிர் ஆவி விடும் ஹியூமிடிஃபயர் நல்லது. சுடுநீர் ஆவி விடும் கருவியைக் குழந்தை தட்டிவிட்டால் கொப்பளித்துவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பூஞ்சையைத்தான் அறைக்குள் தெளிக்கும். ஈரப்பதம் 60-ஐத் தாண்டினாலும் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

கரி, விறகு, எரிவாயு, மண்ணெண்ணெய் எதை எரித்தும் மூடிய அறையைச் சூடாக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். எரியும் ஹீட்டர் எதுவானாலும் புகைபோக்கியும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும்.

கை, பொம்மை, பழக்கம்

வெளியிலிருந்து வந்ததும், சாப்பிடும் முன், மூக்கைத் துடைத்த பின், டயப்பர் மாற்றிய பின் சோப்பு போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். குழந்தைக்கு மட்டுமல்ல, தூக்குகிற எல்லோருக்கும். விரலிடுக்கும் கட்டைவிரலும்தான் விட்டுப்போகும் இடங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளாது. வெளியே தண்ணீர் இல்லாதபோது 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசரை நீங்களே தடவி, காயும் வரை கையைப் பிடித்திருங்கள். வாந்தி, பேதி பரப்பும் நோரோவைரஸை சானிடைசர் சரியாக அழிக்காது. அந்த நேரத்தில் சோப்பும் தண்ணீரும்தான். அடிக்கடி கழுவினால் தோல் வெடிக்கும், கழுவித் துடைத்த ஈரத்தோடேயே மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

மற்றொரு குழந்தை வாயில் வைத்த பொம்மையைச் சோப்பு நீரில் கழுவிக் காய வைத்த பிறகே கொடுங்கள். சளி உள்ள உறவினர் வந்தால் கையைக் கழுவச் சொல்லுங்கள், முகத்தில் முத்தம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். மூடிய விளையாட்டு மையத்துக்குப் போவதானால் கூட்டமில்லாத வார நாள் காலையாகப் பாருங்கள். இரண்டு மூன்று குழந்தைகள் திறந்த வெளியில் சேர்ந்து ஆடுவது இதை விட எவ்வளவோ மேல்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாம். முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் சீசன் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களும் போட்டுக்கொண்டால் குழந்தைக்கு இரட்டைக் காப்பு.

தண்ணீரும் தூக்கமும்

குளிரில் தாகம் தெரியாது, குழந்தை கேட்கவும் கேட்காது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நாலு மடக்கு கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். ஒன்று, இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். வெயில் குறைந்த மாதங்களில் வைட்டமின் டி சொட்டு மருந்து தேவையா, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம்.

சளி பிடித்துவிட்டால்

மூக்கு மட்டும் ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, குழந்தை உற்சாகமாக இருக்கிறது என்றால் விளையாட்டை நிறுத்தத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, மற்றக் குழந்தைகளிடமிருந்து தள்ளி, வெளியேகூட அழைத்துப் போகலாம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இடைவிடாத இருமல், சோர்வு என்றால் ஓய்வு. எழுந்து விளையாட வந்தால் தடுக்கவும் வேண்டாம், படுத்திருந்தால் எழுப்பவும் வேண்டாம்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, உறிஞ்சியால் எடுங்கள். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் செய்தால் பலன் அதிகம். அடிக்கடி உறிஞ்சினால் உள்சவ்வு வீங்கி அடைப்பு கூடும். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கடையில் கிடைக்கும் சளி, இருமல் சிரப்புகள் இந்த வயதுக்கு வேண்டாம். பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகே தடவுவதும், கொதிநீர் ஆவி பிடிக்க வைப்பதும் ஆபத்து.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளைத் தெரிந்து வையுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு அதிகம் என்றால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, முனகல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, எதையும் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், விட்டுவிட்டு மறுபடி ஏறினாலும் காட்டுங்கள்.

மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மறுபடி மற்றக் குழந்தைகளோடு விளையாடலாம். வாந்தி, பேதி என்றால் கடைசியாக நின்று 48 மணி நேரம் கழியட்டும். முதல் நாள் வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் ஆட விடுங்கள், பகல் தூக்கத்தை அரை மணி முன்னதாக வையுங்கள். மறுநாள் சோர்வு தெரியாவிட்டால் பழையபடி நான்கு துண்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம்.